கயிற்றை விட்ட இடம்

முகாமின் முதல் நாள் காலையில் பள்ளிக்கூடத்து வராந்தாச் சுவரில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை ஒட்டினார்கள். "எனக்குக் கற்றுக்கொள்ள ஆசை" என்று அதன் தலையில் எழுதியிருந்தது. பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கொன்று எழுதிவிட்டுப் போனார்கள். பையன்கள் சிலம்பம், மொபைல் ரிப்பேர், டிரம்ஸ் என்று எழுதினார்கள். பெண்பிள்ளைகளில் முதலில் வந்தவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு "நீச்சல்" என்று எழுதினாள். அவளுக்குப் பின்னால் நின்ற எட்டுப் பெண்களும் அதையே எழுதினார்கள்.

நான் சன்னலோரம் உட்கார்ந்து தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். தையல் சொல்லிக்கொடுக்கத்தான் என்னை அங்கே கூப்பிட்டிருந்தார்கள்.

எருமப்பட்டிக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். ஊர் நூலகத்துக்கு வந்துபோகிறவர்களும் இரண்டு மூன்று ஆசிரியர்களும் சேர்ந்து மே மாதத்தில் பன்னிரண்டு நாள் முகாம் நடத்தினார்கள். எட்டாவதிலிருந்து பதினொன்றாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு. காலையில் அவரவருக்குப் பிடித்த ஒரு கலை, பிற்பகலில் வாழ்க்கைக்கு வேண்டியது. பேங்க் படிவம் நிரப்புவது, ஃபியூஸ் மாற்றுவது, அடிபட்டவருக்குக் கட்டுப்போடுவது, நாலு பேர் முன்னால் எழுந்து பேசுவது. ஊரில் ஏதாவது ஒரு வேலை தெரிந்த பெரியவர்களைப் பிடித்து, "வழிகாட்டி" என்று ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். நான் அந்த அட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். நாமக்கல் ரோட்டில் ஒரு பட்டறையில் பத்தொன்பது வருடமாக லாரித் தார்ப்பாய் தைக்கிறேன். ஆட்களை முகம் பார்த்துப் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் முதுகைக் காட்டியே நாள் ஓடிவிடும். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் முதல் காரணம்.

முகாமை நடத்திய டீச்சர் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், எங்களைப் போல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட மாட்டார். "பசங்களுக்கு பி.டி. சார் இருக்காரு. பொண்ணுங்களுக்கு யாரு கத்துக்கொடுக்கறது? இங்க இருக்கற அக்காங்கள்ல யாருக்காவது நீச்சல் தெரியுமா?" என்றார்.

அந்த ஒன்பது பெண்களும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். என் முகத்துக்கு வரும் முன்பே நான், "தெரியுமுங்க" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது என்று எனக்கே உறைக்கக் கொஞ்ச நேரமானது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தபோது சொன்னேன். அவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய் நாலு மாதமாகியிருந்தது.

"என்னது, நீச்சலா? உனக்கா?"

"ஆமாங்க."

"இருவத்தி நாலு வருசத்துல ஒரு வார்த்த சொல்லலையே?"

"நீங்க கேக்கலீங்களே."

பக்கத்தில் இருந்த ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பது கேட்டது. "ஆயிரம் அடி ஓட்ட போட்டுத் தண்ணி எடுக்கறவனுக்கு முட்டியளவு தண்ணியில நிக்கப் பயம். ஊட்டுக்காரி பாத்தா மீனாட்டம் இருந்திருக்கறா!" என்றவர், சிரிப்பு அடங்கியதும், "செரி, கடேசியா எப்ப நீந்துனே?" என்று கேட்டார்.

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் மோகனூர்ப் பக்கம் பிறந்தவள். ஒன்பது வயதில் கரும்புக்காட்டுக் கிணற்றில் அண்ணன்தான் கற்றுக்கொடுத்தான். இடுப்பில் கயிற்றைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பான். "உடமாட்டேன், உடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டே விட்டுவிட்டான். எதிர்ச் சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தால் கயிறு பாம்புபோலத் தண்ணீரில் கிடக்கிறது. கிணற்றைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் நீச்சல் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். கயிறு பிடிக்கிறவர் பொய் சொல்வார், அந்தப் பொய்யில் நீச்சல் வந்துவிடும். பதின்மூன்று வயதில் நான் பெரியவளானேன். அதற்குப் பிறகு கிணற்றுப் பக்கம் என்னை விடவில்லை. கணக்குப் பார்த்தால் நான் தண்ணீருக்குள் இறங்கி முப்பத்து நாலு வருடமாகியிருந்தது.

இதை டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்பதற்குள் கிணறு கிடைத்துவிட்டது.

ஊருக்கு மேற்கே ஒரு தோட்டத்துக் கிணறு. மே மாதத்திலும் பதினைந்தடி தண்ணீர் நின்றது. ஒரு பக்கச் சுவரை ஒட்டி அடிவரை படிக்கட்டு. மஞ்சள் நடவுக்கு மோட்டார் போடும்வரை வைத்துக்கொள்ளலாம், அதாவது முகாமின் பதினோராம் நாள் வரை என்று தோட்டத்துக்காரர் சொன்னார். ரோட்டுப் பக்கம் மறைப்பு இல்லாவிட்டால் அனுப்ப மாட்டோம் என்று பெண்களின் வீட்டில் சொன்னார்கள். பட்டறையில் கழித்துப்போட்ட பெரிய தார்ப்பாய் ஒன்றை ஓனரிடம் கேட்டு வாங்கி வந்து, தென்னைமரத்துக்குத் தென்னைமரம் இழுத்துக் கட்டினேன். லாரி டியூப் இரண்டைக் காற்றடித்துத் தண்ணீரில் மிதக்கவிட்டோம். தார்ப்பாய் கட்டும் நைலான் கயிற்றையே இடுப்புக்கு வைத்துக்கொண்டேன். எத்தனை இழுத்தாலும் வயிற்றை இறுக்காத முடிச்சு ஒன்று எங்கள் பட்டறையில் உண்டு.

காவலுக்குத் தோட்டத்தம்மா இருந்தார். எழுபது வயதிருக்கும். மோட்டார் ரூம் நிழலில் ஒரு தடியோடு உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் எந்த ஆம்பிளைத் தலை தெரிந்தாலும், "எவன்டா அது? கண்ணு ரெண்டும் வேணுமா வேண்டாமா?" என்று கத்துவார். ஒருமுறை அப்படி ஓடியது அவருடைய வீட்டுக்காரரே.

மூன்றாம் நாளிலிருந்து தினமும் காலை ஒன்றரை மணி நேரம். பெண்கள் சுடிதாரோடு இறங்கினார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீரை ஒட்டிய படியில் நின்று கயிறு பிடித்தேன். காலை உதை, கையை விரி, தலையைத் தூக்காதே என்று அங்கிருந்தே சொன்னேன். ஆச்சரியம் என்னவென்றால் எனக்குப் பேச வந்தது. எல்லோரும் தண்ணீரில் இருந்ததால் என் முகத்தைப் பார்க்க ஒருத்திக்கும் நேரமில்லை.

தோட்டத்தம்மா மட்டும் நீச்சல் தொடங்கிய இரண்டாம் நாளே கேட்டார். "ஏம்புள்ள, நீ எறங்கவே மாட்டியா? மேல நின்னு கயிறு புடிக்கறதுக்கு எங்கூட்டு எருதே போதுமே?"

"சேலை நனைஞ்சுருமுங்க" என்றேன்.

"அட, தண்ணின்னா நனையத்தானே செய்யும்?" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

தாளில் முதலில் நீச்சல் என்று எழுதிய பெண்ணுக்குப் பதினைந்து வயது. ஒல்லியாக இருப்பாள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் நேராகப் பேசுவாள். முதல் நாள் கயிற்றைக் கட்டும்போதே என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏனுங்கக்கா, உடமாட்டீங்கள்ல?"

"உடமாட்டேன் சாமி."

"நெசமா?"

"நெசமாத்தான் அம்மிணி, எறங்கு."

அவள் ஏன் கற்றுக்கொள்ள வந்தாள் என்பதும் அன்றைக்கே தெரிந்தது. அவர்கள் காட்டில் போன வருடம் பண்ணைக்குட்டை வெட்டிக் கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தார்கள். அந்தத் தாளில் கால் வைத்தால் வழுக்கும், விழுந்தவர் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. அவளுக்கு நாலு வயதில் ஒரு தம்பி. அப்பாவும் அம்மாவும் கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவனைப் பார்த்துக்கொள்வது இவள்தான். "அவன் தவளையப் புடிக்கறேன்னு குட்டைக்கே ஓடறானுங்க. உழுந்துட்டா நாந்தானுங்களே குதிக்கோணும்" என்றாள். கம்பி வேலி போடவேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

ஐந்து நாட்களில் நாலு பெண்களுக்குக் கயிறு தேவையில்லாமல் போயிற்று. நாலு பேரிடமும் அண்ணன் செய்ததைத்தான் செய்தேன். பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே தளர்த்தி, நடுவில் விட்டேன். நாலு பேரும் எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டுக் கத்தினார்கள், சிரித்தார்கள், என்மேல் தண்ணீரை வாரி இறைத்தார்கள்.

ஏழாம் நாள் இவளுடைய முறை. கையும் காலும் சரியாக வந்துகொண்டிருந்தன. பயம் மட்டும்தான் பாக்கி என்று எனக்குத் தோன்றியது. "புடிச்சிருக்கீங்களா?" என்று நீந்திக்கொண்டே கேட்டாள். "புடிச்சிருக்கேன் சாமி" என்று சொன்னபோது என் கையில் கயிறு இல்லை. அவள் எதிர்ச் சுவரைத் தொட்டாள். டியூபில் உட்கார்ந்திருந்த பெண்கள், "ஏய், கயிறே இல்லாம போயிட்டடி!" என்று கூவினார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கயிற்றின் முனை தண்ணீரில் கிடப்பதைப் பார்த்தாள். பார்த்த அந்த நிமிடத்தில் சுவரைப் பிடித்திருந்த கை நழுவி முழுகினாள்.

நான் படியில் நின்றேன். அதைத்தான் எழுத வேண்டும். ஒரு படி கீழே இறங்கினேன், தண்ணீர் கணுக்காலில் பட்டது, அதற்கு மேல் என் கால் போகவில்லை. பக்கத்தில் இருந்த பெண் டியூபைத் தள்ளிவிட, அவள் எட்டிப் பிடித்து மேலே வந்து இருமினாள். எல்லாம் ஐந்தாறு நொடிதான். பெண்கள் அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். "தண்ணி குடிச்சாத்தான்டி நீச்சல் வரும்" என்றாள் ஒருத்தி.

அவள் படியேறி வந்து என் முன்னால் நின்றாள். இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், ஈரத்தில் வரவில்லை. நான் அவிழ்த்துவிட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு தார்ப்பாயைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாள் கிணற்றுக்கு வரவில்லை. ஆனால் பதினொரு மணிக்குத் தையல் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். அந்த வாரம் பைஜாமா தைத்துக்கொண்டிருந்தோம். மரக்கலர் காடாத்துணியில், யார் அளவுக்கும் இல்லாமல், பழகுவதற்காக. மற்றவர்கள் எழுந்து போனபிறகும் அவள் ஒரு காலைத் தைத்துக்கொண்டே இருந்தாள். நான் மிஷினை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எந்த எடத்துலீங்கக்கா உட்டீங்க?"

"பாதி கெணறு போனதுக்கப்பறம் சாமி. மோட்டார் பைப்பு கிட்ட."

"கேட்டப்ப புடிச்சிருக்கேன்னு சொன்னீங்க."

"எல்லாத்துக்கும் அப்படித்தான் அம்மிணி. அப்படி உட்டாத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. இப்ப பாரு, நீ நீந்திட்டயில்ல?"

"நான் கயிறு இருக்குதுன்னு நெனச்சுத்தானுங்களே நீந்துனேன்?" மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "குட்டையில எவரு கயிறு புடிப்பாங்க? கயிறு இல்லைன்னு தெரிஞ்சே நீந்தறதுக்குத்தான் நான் வந்தேன். இல்லைன்னு தெரிஞ்சதும் முழுகிப்போயிட்டேன். அப்ப எனக்கு நீச்சல் வந்துச்சா வரலீங்களா?"

அண்ணன் விட்டபோது எனக்கு இந்தக் கேள்வி வரவேயில்லை. எனக்குக் குதிக்க வேண்டிய குட்டை எதுவும் இருக்கவில்லை, விளையாடத்தான் கற்றேன்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். "நான் மேல வராமப் போயிருந்தா நீங்க குதிச்சிருப்பீங்களா?"

சன்னல் வழியாக மைதானத்தில் பையன்கள் சிலம்பம் சுற்றுவது தெரிந்தது. குதித்திருப்பேன் என்று சொல்வது மிகச் சுலபம். அவளும் அதை எதிர்பார்த்துத்தான் கேட்டாளோ என்னவோ.

"தெரியலை சாமி" என்றேன். "நான் தண்ணியில எறங்கி முப்பத்தி நாலு வருசமாச்சு."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை, ஏதோ ஒன்று இப்போதுதான் கணக்கு சரியாக வந்தது என்பதுபோல் தலையை ஆட்டினாள். "அதானுங்களா எறங்காம நின்னீங்க" என்றாள். பிறகு, "டீச்சருக்குத் தெரியுமுங்களா?" என்றாள்.

டீச்சருக்குத் தெரியாது. அன்று பிற்பகல் போய்ச் சொன்னேன். சொல்வதற்கு முன்னால் வராந்தாவை இரண்டு முறை சுற்றி வந்தேன். குடிக்கத் தண்ணீர் எடுப்பதுபோலப் பானையருகே நின்றேன். கடைசியில் அவர் சாப்பிட்டுக் கைகழுவும்போது முதுகுப் பக்கம் நின்று சொல்லி முடித்தேன்.

அவர் ஈரக் கையோடு திரும்பினார். "ஒம்பது பொண்ணுங்கக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குக் கெணறு வேணாம்" என்றார்.

ஒன்பதாம் நாள் காலை பெண்கள் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "ஏனுங்கக்கா சொன்னீங்க? இன்னும் மூணு நாளுதானே, கம்முனு இருந்திருக்கலாமில்ல?" என்று ஒருத்தி அழாத குறையாகக் கேட்டாள். அவர்கள் கேட்பது நியாயம். முகாம் முடிந்தால் எந்த வீட்டிலும் மறுபடி கிணற்றுக்கு அனுப்பப்போவதில்லை. நான் ஒருத்தி சொல்லாமல் விட்டது ஒரு தப்பு, சொன்னது ஒன்பது பேருக்கு நட்டம் என்று ஆகிவிட்டது. ஒல்லிப்பெண் மட்டும் கூட்டத்துக்கு வெளியே நின்றாள். அன்று பிற்பகல் அவள் தனியாகத் தோட்டத்துக்குப் போய்த் தோட்டத்தம்மாவிடம் ஏதோ பேசியிருக்கிறாள்.

சாயங்காலம் தோட்டத்தம்மா தடியை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், இவ நீச்சல மறந்துட்டாளா இல்லையான்னு இங்க உக்காந்து பஞ்சாயத்துப் பண்ணிட்டு இருந்தா எப்படித் தெரியும்? எறக்கி உட்டாத் தெரிஞ்சுருது. முழுகுனா நான் தூக்கறேன், நான் இன்னும் நல்லாத்தான் நீந்தறேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கக்கா. கட்டாயமில்ல."

"எனக்கு உடுத்திக்க ஒண்ணுமில்லீங்க" என்றேன். அது உண்மைதான். அதுவரை என்னை மறித்துக்கொண்டிருந்ததில் பாதி அதுதான். நனைந்த சேலையோடு நாலு பேர் முன்னால் படியேறி வருவதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிவிடும்.

பின்னாலிருந்து அந்த மரக்கலர் பைஜாமா வந்தது. நாலு பெண்கள் ஆளுக்கொரு தையல் போட்டது. ஒரு கால் இன்னொன்றைவிட இரண்டு விரல் நீளம். "உங்களுக்குச் சேருமுங்க, நாங்க பெருசாத்தான் வெட்டிட்டோம்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள், டீச்சரும்கூட.

பத்தாம் நாள் காலை அந்தப் பைஜாமாவையும் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டு கிணற்றுப் படியில் நின்றேன். டீச்சர் வந்திருந்தார். தோட்டத்தம்மா தடியைக் கீழே வைத்துவிட்டுப் புடவையை வரிந்து கட்டியிருந்தார். ஒல்லிப்பெண் கயிற்றோடு என்னிடம் வந்தாள். என் இடுப்பைச் சுற்றி என் முடிச்சையே போட்டாள், ஒரு திருப்பு தப்பாக. நான் அவிழ்த்துக் காட்டினேன். மறுபடி சரியாகப் போட்டாள்.

"உடறதுன்னா சொல்லீட்டு உடு சாமி" என்றேன்.

"சொல்லாம உடமாட்டேனுங்க."

கணுக்கால், முட்டி, இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. மேலே சூடாகவும் கீழே சில்லென்றும் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன். அந்தப் படியிலிருந்து காலை எடுக்க முடியாமல் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. "இன்னிக்கே எறங்கீருவியா, இல்ல மஞ்ச நட்டதுக்கப்பறமா?" என்று தோட்டத்தம்மா கேட்டார். எடுத்தேன்.

முதலில் மூக்கில் ஏறியது. கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போயின. கயிறு இடுப்பைத் தாங்கியது தெரிந்தது. மேலேயிருந்து அவள் குரல் வந்துகொண்டேயிருந்தது: "புடிச்சுட்டுத்தான் இருக்கேனுங்க... இன்னும் புடிச்சுட்டுத்தான் இருக்கேனுங்க..." பிறகு கால் தானாக உதைக்க ஆரம்பித்தது. என்னைக் கேட்டு உதைக்கவில்லை.

மோட்டார் பைப்புக்குப் பக்கத்தில் அவள், "உடட்டுங்களா?" என்றாள்.

"இரு சாமி."

பைப்பைச் சுற்றி வந்தேன்.

"இப்பங்க?"

"இரு, இரு."

அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த நாலு பெண்களிடமும் இவளிடமும் நான் பொய் சொன்னதோடு நிற்கவில்லை. கயிற்றை விடு என்று நீந்துகிறவளே சொல்லும் அந்த ஒரு நொடியை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். அண்ணன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதும் அதைத்தான். அதனால் எனக்கு நீச்சல் தெரிந்தும், எனக்குத் தெரியும் என்பது கடைசிவரை எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. இதை அண்ணன்மேல் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவனுக்கும் யாரோ அப்படித்தான் விட்டிருப்பார்கள்.

"உடு" என்றேன்.

"உட்டுட்டேனுங்க" என்றாள். கயிறு தளர்ந்ததும் இடுப்பு ஒரு கணம் கீழே போய், மேலே வந்தது. எதிர்ச் சுவரைத் தொட்டேன். பாசியும் ஈரக்கல்லும் கையில் பட்டன. யாரும் கைதட்டவில்லை. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். தோட்டத்தம்மாதான் முதலில் பேசினார்: "நல்லாத்தான் நீந்தறா. சட்டதான் பலூனாட்டம் இருக்குது."

அன்றைக்கும் மறுநாளும் நான் தண்ணீருக்குள் இருந்தே சொல்லிக்கொடுத்தேன். படியில் டீச்சர் கயிறு பிடித்தார். மீதிப் பெண்களிடம் ஒரே ஒரு ஏற்பாடு. அவர்களாக "உடுங்க" என்று சொல்லும்வரை விடுவதில்லை. நாள் போதவில்லை. இரண்டு பேர் கடைசிவரை சொல்லவேயில்லை. கயிறு இடுப்பிலிருக்கவே முகாம் முடிந்தது. பழைய முறையில் விட்டிருந்தால் அவர்களும் எதிர்ச் சுவரைத் தொட்டிருப்பார்கள், சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அது எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. எது சரி என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது.

ஒல்லிப்பெண் பதினோராம் நாள் இறங்கினாள். ஒரு முறை போய்க் கயிற்றோடே திரும்பினாள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை, பாதி கிணறுகூடப் போகவில்லை, நாலே கை வீச்சுக்குப் பிறகு, "உடுங்க" என்றாள். டீச்சர், "விட்டுட்டேன்" என்று உரக்கச் சொன்னார். நான் ஒரு கை தூரத்தில் நீந்தினேன், தொடவில்லை. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, தவளையைவிட மோசமாக உதைத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். சுவரை விட்டுவிட்டு, நட்ட நடுக் கிணற்றில் ஒரே இடத்தில் காலை உதைத்து மிதந்து, பிறகு ஒரு கையால் காலி டியூபைத் தம்பியைப் பிடிப்பதுபோல் இழுத்துக்கொண்டு படிக்கு வந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காதது. வீட்டில் படுத்துக்கொண்டு யோசித்து வைத்திருக்கிறாள்.

அன்று மதியம் மோட்டார் போட்டார்கள். கிணறு மஞ்சள் காட்டுக்குப் போய்விட்டது.

கடைசி நாள் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் மைக்கில் இரண்டு வார்த்தை பேசினார்கள். வழிகாட்டிகளும் பேச வேண்டும் என்றார்கள். நான் எழுந்து, "எல்லாத்துக்கும் நன்றிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் கூச்சம் தண்ணீரோடு போய்விடவில்லை. கூட்டம் கலைந்தபோது ஒல்லிப்பெண் சான்றிதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "அந்தக் கயிறு உங்களுக்கு வேணுமுங்களா?" என்று கேட்டாள். பட்டறைக் கயிறுதான், எடுத்துக்கொள் என்றேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காட்டு வழியாகப் போக நேர்ந்தது. அவளே பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். தம்பி கால்சட்டை இல்லாமல் அவள் பின்னால் ஓடி வந்தான். வேலி இன்னும் போடவில்லை. ஆனால் குட்டைக் கரையில் வேலிக்கு நட்டிருந்த கல்லுக்காலில் அந்த நைலான் கயிறு கட்டியிருந்தது. கறுப்புத் தாளின் மேலே சரிந்து இறங்கி, மறுமுனை தண்ணீருக்குள் போயிருந்தது. கையில் பிடித்து ஏற வசதியாக ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சு.

"நீச்சல் வந்தாலும் மேல ஏற ஒண்ணு வேணுமில்லீங்க" என்றாள்.

கல்லுக்காலில் போட்டிருந்தது என் முடிச்சுதான். நான் குனிந்து பார்த்து, "நல்லாத்தான் போட்டிருக்கற" என்றேன்.

"சொன்னா ஆச்சுங்களா?" என்றாள் அவள். "இழுத்துப் பாருங்க."

சேலையைச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தேன். பின்னாலிருந்து தம்பியும் என் இடுப்பைப் பிடித்து இழுத்தான். முடிச்சு அசையவில்லை.